கூட்ட நேரத்தில் வேக்யூம்: போஸ்ட்கிரெஸ் பராமரிப்பை எப்போது, எப்படி ஓடவிடுவது?

காலை 11 மணி. ஆர்டர்கள் குவிகின்றன. திடீரென்று எல்லாப் பக்கமும் மெதுவாகிறது. டேட்டாபேஸ் சர்வரில் எட்டிப் பார்த்தால் சிபியு சாதாரணமாக இருக்கிறது, டிஸ்க் மட்டும் மூச்சுத் திணறுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலில் ஆட்டோவேக்யூம், அதுவும் இருப்பதிலேயே பெரிய டேபிளில். இரவெல்லாம் சும்மா கிடந்த சர்வர் இந்த வேலைக்கு இந்த நேரத்தையா பிடிக்க வேண்டும் என்று எரிச்சல் வரும். அடுத்து வரும் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: பகலில் இதை அணைத்துவிட்டு இரவில் மட்டும் ஓடவிடலாமா?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், அது ஏன் கூட்ட நேரத்தையே பிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் ஒரு ரோவை அப்டேட் செய்தாலோ அழித்தாலோ பழைய பதிப்பு உடனே போவதில்லை. செத்த ரோவாக டேபிளிலேயே கிடக்கும். அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தத் தருவதுதான் வேக்யூம். அதைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்யூம் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை, செத்த ரோக்களை எண்ணுகிறது. டேபிளில் உள்ள ரோக்களில் 20 சதவீதம், அதோடு 50. இந்த எண்ணிக்கையைத் தாண்டினால், நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் அந்த டேபிள் மாட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆர்டர் டேபிளில் 5 கோடி ரோக்கள், நாளொன்றுக்கு 20 லட்சம் அப்டேட் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 1 கோடியே 50. ஐந்து நாள் எதுவும் நடக்காது. ஐந்தாம் நாள் கடைசியிலோ ஆறாம் நாள் காலையிலோ வரம்பு உடையும். செத்த ரோக்கள் பிறப்பதே ஆர்டர் குவியும் நேரத்தில்தான் என்பதால், வரம்பு உடைவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான். ஐந்து நாள் குப்பையை ஒரே மூச்சில் அள்ள அது இறங்கும்போது கடையில் கூட்டம் நிற்கிறது. தற்செயல் இல்லை, அமைப்பே அப்படி.

## எதை வைத்து எடைபோடுவது?

கூட்ட நேரத்தில் டிஸ்க்கை எவ்வளவு தின்கிறது என்பதை மட்டும் பார்த்தால் ‘அணைத்துவிடு’ என்பதே சரியான விடையாகத் தெரியும். கூடவே இவற்றையும் பார்க்க வேண்டும்:

- செத்த ரோக்கள் எந்த அளவுக்குச் சேர விடுகிறது. டேபிளும் இன்டெக்ஸும் ஒருமுறை ஊதிவிட்டால் சாதாரண வேக்யூம் பெரும்பாலும் அதைச் சுருக்காது. உள்ளே காலி இடம் வரும், ஃபைல் அளவு அப்படியேதான் இருக்கும்.
- புள்ளிவிவரம் புதிதாக இருக்கிறதா. டேபிளில் என்ன மாதிரி டேட்டா இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸ் வேலையையும் ஆட்டோவேக்யூம்தான் செய்கிறது, 10 சதவீத மாற்றத்துக்கு ஒருமுறை. அது தவறினால், டேட்டாவை எந்த வழியில் எடுப்பது என்று முடிவு செய்யும் பிளானர் தப்பான வழியில் போகும்.
- டிரான்சாக்ஷன் எண் தீரும் அபாயம். எழுதும் ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் தரும் எண்களுக்கு ஓர் எல்லை உண்டு, பழைய ரோக்களை வேக்யூம் ‘உறையவைத்தால்’தான் அவற்றை மறுபடி பயன்படுத்தலாம். கடைசியாக அப்படி உறையவைத்த பிறகு கடந்த டிரான்சாக்ஷன்களின் எண்ணிக்கைதான் டேபிளின் வயது. ஒரு டேபிளின் வயது 20 கோடி டிரான்சாக்ஷனைத் தொட்டால், ஆட்டோவேக்யூமை அணைத்திருந்தாலும் கட்டாய வேக்யூம் வந்தே தீரும்.
- ஏற்பாடு சத்தமில்லாமல் நின்றுபோனால் என்ன ஆகும், எத்தனை நாளில் தெரியவரும்.

பலர் விட்டுவிடுவது கடைசியில் உள்ளதைத்தான். என் கணக்கில் அதற்குத்தான் எடை அதிகம்.

## வழி 1: வந்தபடியே விடுவது

சில ஜிபி அளவுள்ள டேட்டாபேஸ் முழுவதும் ராமுக்குள் அடங்கிவிடும் என்றால் இதுவே போதும், மேலே படிக்கவே வேண்டாம்.

பெரிய டேபிள் வந்ததும் இரண்டு இடங்களில் உதைக்கும். முதலாவது மேலே பார்த்த 20 சதவீதம். இரண்டாவது வேகக் கட்டுப்பாடு. ஆட்டோவேக்யூம் ஒவ்வொரு பக்கத்துக்கும் (டேபிள் ஃபைலின் ஒரு துண்டு) ஒரு விலை போட்டு, விலை 200ஐத் தொட்டதும் 2 மில்லிசெகண்ட் தூங்குகிறது. புதிதாக அழுக்காக்கும், அதாவது மாற்றி எழுதும், பக்கத்துக்கு விலை 20. ஆக 10 பக்கம் எழுதி ஒரு தூக்கம். ஒரு பக்கம் 8 கேபி என்பதால் எழுதும் வேகம் நொடிக்குச் சுமார் 40 எம்பி. டிஸ்கிலிருந்து படிக்கும் பக்கத்துக்கு 14ஆம் பதிப்பிலிருந்து விலை 2 மட்டுமே. வெறுமனே படித்துக்கொண்டே போனால் நொடிக்கு 400 எம்பி வரை போகலாம். அமேசானின் ஜிபி3 டிஸ்க்குக்கு அடிப்படையாகக் கிடைப்பதே நொடிக்கு 125 எம்பிதான். கட்டுப்பாடு என்று பெயர் இருந்தாலும் அந்த டிஸ்கில் அது படிப்பதைக் கட்டுப்படுத்துவதே இல்லை.

11ஆம் பதிப்பு வரை தூக்கம் 20 மில்லிசெகண்டாக இருந்தது. அங்கே சிக்கல் நேர்மாறு: நொடிக்கு 4 எம்பி மட்டுமே எழுதும், பெரிய டேபிளில் நாள்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய கட்டுரைகள் ‘தூக்கத்தைக் குறையுங்கள்’ என்று சொல்வது அந்தக் காலத்துக்கானது. 12க்கு மேல் இருப்பவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

## வழி 2: அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக

டேபிளுக்கு டேபிள் ஸ்கேல் ஃபேக்டரை, அதாவது மேலே பார்த்த 20 சதவீதத்தை, குறைப்பது. ஆர்டர் டேபிளுக்கு 0.2க்குப் பதில் 0.01 வைத்தால் வரம்பு சுமார் 5 லட்சம், நாளுக்கு நான்கு முறை ஓடும். குப்பை சேராது, டேபிள் ஊதாது, அனலைஸும் அதேபோல் அடிக்கடி நடக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

ஓயாமல் அப்டேட் ஆகி அடிவாங்கும் சின்ன டேபிள்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எஸ்எம்எஸ் அனுப்பும் க்யூ டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது 2,000 ரோ, நாளுக்குப் 10 லட்சம் அப்டேட். இதற்கு ஸ்கேல் ஃபேக்டர் 0, த்ரெஷோல்ட் (மேலே பார்த்த 50) 1,000 என்று வைத்தால் ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, கண நேரத்தில் முடிந்துவிடும். இதே டேபிளை இரவு வரை காக்கவைத்தால் மாலைக்குள் 2,000 ரோவைத் தேட லட்சக்கணக்கான பிணங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

பெரிய டேபிளில் மறைவான செலவு இன்டெக்ஸில் இருக்கிறது. செத்த ரோ 5 லட்சமானாலும் 1 கோடியானாலும், வேக்யூம் அந்த டேபிளின் ஒவ்வொரு இன்டெக்ஸையும் முழுதாகப் படிக்கிறது. ஒன்றரை ஜிபி வீதம் நான்கு இன்டெக்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 6 ஜிபி. நாளுக்கு நான்கு சுற்று என்றால் 24 ஜிபி. 14ஆம் பதிப்பில் ஒரு சலுகை உண்டு: செத்த ரோ உள்ள பக்கங்கள் டேபிளில் 2 சதவீதத்துக்கும் குறைவானால் இன்டெக்ஸ் சுற்றை விட்டுவிடும். அப்டேட்டுகள் நேற்று இன்று வந்த ஆர்டர்களிலேயே குவிந்தால் இது கைகொடுக்கும். டேபிள் முழுக்கச் சிதறி விழுந்தால் கைகொடுக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை வழி 2 எந்த வாக்குறுதியும் தராது. ஒருமுறைக்கான சுமை குறையும், ஆனால் நான்கில் மூன்று சுற்று பகலில்தான் விழும். 24 மணி நேரமும் ஆட்கள் வரும் சேவைக்கு, உலகம் முழுக்கப் பயனர்கள் இருக்கும் சேவைக்கு வேறு வழியும் இல்லை. அவர்களுக்கு ‘இரவு’ என்று ஒன்று கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஆல்டர் டேபிள் மூலம் இந்த அமைப்பை மாற்றும்போது அந்த டேபிளில் ஆட்டோவேக்யூம் ஓடிக்கொண்டிருந்தால் அது ரத்தாகிவிடும், செய்ததில் பெரும்பகுதி வீண். ஓடவில்லை என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

## வழி 3: இரவில் நாமே ஓட்டுவது, ஆட்டோவேக்யூம் காவலுக்கு

கூட்டம் அடங்கிய நேரத்தில் பெரிய டேபிள்களுக்கு மட்டும் கையால் வேக்யூம் போடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) வைப்பது. ஆட்டோவேக்யூமை அணைப்பதில்லை.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. கையால் போட்ட வேக்யூமும் செத்த ரோ எண்ணிக்கையைக் கீழே இறக்கிவிடுகிறது. தினமும் இரவு 2.30க்கு ஆர்டர் டேபிள் சுத்தமானால், மறுநாள் இரவுக்குள் எண்ணிக்கை 20 லட்சத்துக்கு மேல் போகாது. வரம்போ 1 கோடி. ஆட்டோவேக்யூம் பகலில் எழ வேண்டிய தேவையே வராது. யாரும் அதைத் தடுக்கவில்லை, வேலை இல்லாததால் தூங்குகிறது. கிரான் ஒருநாள் செத்துப்போனாலும் ஐந்து நாள் இடைவெளி இருக்கிறது, அதற்குப் பிறகு ஆட்டோவேக்யூம் எழுந்து பார்த்துக்கொள்ளும். அந்த ஒருநாள் 11 மணிக்கு மெதுவாகும், அவ்வளவுதான்.

டிரான்சாக்ஷன் எண் விஷயத்திலும் இதே நன்மை. கையால் போடும் வேக்யூம், டேபிளின் வயது 15 கோடியைத் தாண்டியிருந்தால் தானாகவே முழு டேபிளையும் உறையவைக்கும் தீவிர வேக்யூமாக மாறுகிறது. ஆட்டோவேக்யூமின் கட்டாய எல்லை 20 கோடி. நடுவில் உள்ள 5 கோடி, இரவு வேலை முந்திக்கொள்வதற்கென்றே விட்ட இடைவெளி. ஆனால் இது இரவுப் பட்டியலில் உள்ள டேபிள்களுக்கு மட்டுமே. யாரும் தொடாத பழைய வருடத்து டேபிள்கள் பட்டியலுக்கு வெளியே இருந்து, ஒரு திங்கட்கிழமை காலை 20 கோடியைத் தொடும். அந்தக் கட்டாய வேக்யூம் சாதாரணமானதுபோல் வேறொருவர் லாக் (பூட்டு) கேட்டதும் விலகிக் கொடுக்காது. நீங்கள் போட்ட ஆல்டர் டேபிள் அதன் பின்னால் நிற்கும், ஆல்டருக்குப் பின்னால் கடையே நிற்கும். அதனால் வாரம் ஒருமுறை டேட்டாபேஸ் முழுமைக்கும் ஒரு சுற்று வைக்க வேண்டும். நொடிக்கு 500 எழுதும் டிரான்சாக்ஷன் வந்தால் 20 கோடி என்பது நாலரை நாள்தான். அப்படிப்பட்ட இடத்தில் வாரம் ஒருமுறை போதாது.

வழக்கமாகத் தவறும் இடங்கள்:

நேர மண்டலம். பிஜி_கிரான் எக்ஸ்டென்ஷன் இயல்பில் ஜிஎம்டி நேரத்தில் ஓடுகிறது. கிளவுட் சர்வர்களும் பெரும்பாலும் யூடிசியில்தான் வருகின்றன. இந்தியாவிலோ இலங்கையிலோ அதிகாலை 2.30 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 9 மணி, அதாவது `0 21 * * *`. ‘2’ என்று அப்படியே எழுதினால் நம் ஊரில் காலை 7.30க்கு ஆரம்பித்து, சரியாகக் கடை திறக்கும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். வாரச் சுற்றுக்கு இன்னொரு கண்ணி: நம் ஞாயிறு அதிகாலை அங்கே சனிக்கிழமை. கிழமை எண் 0 இல்லை, 6.

ஒரே ஜாபில் இரண்டு கட்டளை. வேகத்தை மாற்றும் செட் கட்டளையும் வேக்யூமும் அரைப்புள்ளி போட்டு ஒரே சரமாகக் கொடுத்தால் அது ஒரே டிரான்சாக்ஷனாகிவிடும். வேக்யூமை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது, பிழையோடு நிற்கும். ஃபங்ஷனுக்குள் வைத்தாலும் இதே கதை. வேக்யூம்டிபி கருவியை லினக்ஸ் கிரானிலிருந்து கூப்பிட்டு, வேக அமைப்பைப் பிஜிஆப்ஷன்ஸ் (PGOPTIONS) என்ற சூழல் மாறி மூலம் கொடுப்பதே தொல்லையில்லாத வழி.

வேகக் கட்டுப்பாடே இல்லாதது. கையால் போடும் வேக்யூமுக்கு இயல்பான தூக்கம் 0, அதாவது கிடைக்கும் டிஸ்க் முழுதும் அதற்கே. இரவில் யாருமே இல்லையென்றால் நல்லதுதான். ரெப்ளிகா (நகல் சர்வர்) இருந்தால், வேக்யூம் கொட்டும் வால் (WAL) எனும் மாற்றப் பதிவுகளால் அது பின்தங்கும். காஸ்ட் டிலே (தூக்கம்) 2 மில்லிசெகண்ட், காஸ்ட் லிமிட் (விலை வரம்பு) 1,000 என்று தொடங்கி, இரவுக்குள் முடிகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பேக்கப்போடு மோதல். பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப், ஆரம்பித்த கணத்தின் ஸ்னாப்ஷாட்டை முடியும் வரை பிடித்துக்கொண்டிருக்கும். 1 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடியும் டம்ப் ஓடும்போது, 1 மணிக்குப் பிறகு செத்த எதையும் 2.30 வேக்யூமால் எடுக்க முடியாது. பகல் குப்பை போய்விடும். ஆனால் 1.30க்கு ஓடிய பழைய டேட்டா அழிப்பு அப்படியே மறுநாள் வரை கிடக்கும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பேட்ச் வேலைகள், பிறகு வேக்யூம், கடைசியில் டம்ப்.

முந்தைய நாள் வேலை முடியாமல் இருப்பது. லினக்ஸின் ஃப்ளாக் (flock) கட்டளையை வைத்து ஒரே நேரத்தில் ஒன்றுதான் ஓடும்படி செய்யுங்கள். காலை 6 மணிக்கு நிறுத்தும்படி டைம்அவுட்டும் வையுங்கள். பாதியில் நிறுத்திய வேக்யூமால் டேட்டாவுக்குக் கெடுதல் இல்லை.

கிளவுட் பேனலில் உள்ள ‘மெயின்டனன்ஸ் விண்டோ’ இதற்கானது என்று நினைப்பவர்கள் உண்டு. அமேசான் ஆர்டிஎஸ்ஸில் (அமேசானின் நிர்வகிக்கப்பட்ட டேட்டாபேஸ் சேவை) அது பேட்ச் போடுவது, பதிப்பு உயர்த்துவது போன்ற வேலைகளுக்குத்தான். வேக்யூமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## வழி 4: நேரத்துக்கேற்ப வேகத்தை மாற்றுவது

ஆட்டோவேக்யூம் எப்போது வேண்டுமானாலும் ஓடட்டும், பகலில் மெதுவாக, இரவில் வேகமாக. காலை 9 மணிக்குத் தூக்கம் 10 மில்லிசெகண்ட் என்று மாற்றினால் எழுதும் வேகம் நொடிக்கு 8 எம்பியாக இறங்கும். இரவு 10க்கு லிமிட்டை 2,000 ஆக்கித் தூக்கத்தை 2க்குக் கொண்டுவரலாம். ஆல்டர் சிஸ்டம், பிறகு ரீலோடு. ரீஸ்டார்ட் தேவையில்லை.

காகிதத்தில் அழகான யோசனை. நடைமுறையில் பதிப்பைப் பொறுத்தது. 15 வரை, ஒரு வொர்க்கர் (ஆட்டோவேக்யூமின் வேலையாள்) டேபிளுக்குள் நுழைந்த பிறகு புதிய வேகத்தைக் கவனிக்காது. அந்த டேபிள் முடியும்வரை பழைய வேகம்தான். காலை 8.50க்கு இரவு வேகத்தில் ஆர்டர் டேபிளைத் தொட்டது, கூட்ட நேரம் முழுக்க அதே வேகத்தில் உழும். 16லிருந்துதான் நடுவிலேயே வேகத்தை மாற்றிக்கொள்கிறது.

இன்னொன்று, மெதுவாக்கினால் வேலை நீளும். இயல்பில் மூன்று வொர்க்கர்கள்தான். மூன்றும் பெரிய டேபிள்களில் ஊர்ந்துகொண்டிருந்தால் எஸ்எம்எஸ் க்யூ டேபிளுக்கு ஆள் கிடைக்காது, அது மணிக்கணக்கில் ஊதும். வொர்க்கரைக் கூட்டினால் தீருமா? ஆள் கிடைப்பார்கள், மொத்த வேகம் கூடாது. 200 என்ற லிமிட்டை எல்லா வொர்க்கர்களும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். ஆறாக்கினால் ஒவ்வொன்றும் இன்னும் மெதுவாகும்.

நிர்வகிக்கப்பட்ட கிளவுட் சேவைகளில் ஆல்டர் சிஸ்டம் கிடைப்பதும் அரிது. பாராமீட்டர் குரூப்பை (கிளவுட்டில் உள்ள அமைப்புத் தொகுப்பு) தினம் இருமுறை ஸ்கிரிப்ட் மூலம் மாற்ற வேண்டியிருக்கும். அதை அடுத்த வருடம் யார் புரிந்துகொள்வது?

## பகலில் அணைத்துவிடுவது

காலையில் ஆஃப், இரவில் ஆன். இதை ஒரு வழியாகவே எண்ணவில்லை. அனலைஸும் சேர்ந்து நிற்கும், க்யூ டேபிள்கள் மதியத்துக்குள் ஊதிவிடும். அணைத்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த வொர்க்கர் அதற்காக நிற்கவும் நிற்காது, கையில் உள்ள டேபிள் பட்டியலை முடித்துவிட்டுத்தான் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் இரவு ‘ஆன்’ ஸ்கிரிப்ட் தோற்றால் சத்தமே இருக்காது. வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்து, டிஸ்க் நிறையும்போதோ கட்டாய வேக்யூம் வரும்போதோதான் தெரியும்.

## ஒரே பார்வையில்

| | கூட்ட நேரச் சுமை | குப்பை சேர்வது | ஏற்பாடு நின்றுபோனால் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| 1. வந்தபடியே | எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் பெரிது | 20% வரை | நிற்க எதுவும் இல்லை | சின்ன டேட்டாபேஸ் |
| 2. அடிக்கடி | சிறிது, ஆனால் தினமும் | மிகக் குறைவு | நிற்க எதுவும் இல்லை | 24 மணி நேரச் சேவை, க்யூ டேபிள்கள் |
| 3. இரவில் கையால் | அநேகமாக இல்லை | ஒரு நாள் அளவு | ஆட்டோவேக்யூம் ஏற்றுக்கொள்ளும் | இரவு அமைதியாக உள்ள இடம், பெரிய டேபிள்கள் |
| 4. வேகத்தை மாற்றுவது | குறைவு, நீளும் | நடுத்தரம் | பகல் வேகத்திலோ இரவு வேகத்திலோ மாட்டிக்கொள்ளும் | 16க்கு மேல், சொந்த சர்வர், கவனிக்க ஆள் உள்ள இடம் |
| பகலில் ஆஃப் | இல்லை | கட்டுப்பாடில்லை | சத்தமில்லாத ஆபத்து | யாருக்கும் இல்லை |

இரவில் நாலைந்து மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும் கடை, மருத்துவமனை, பள்ளி மென்பொருள் எல்லாவற்றுக்கும் நான் சொல்வது 3ஐயும் 2ஐயும் சேர்த்து: பெரிய ஐந்தாறு டேபிள்களுக்கு இரவு வேக்யூம், சின்ன பரபரப்பான டேபிள்களுக்கு இறுக்கமான ஆட்டோவேக்யூம். 4ஐத் தொடுவதற்கு முன் டிஸ்க்கின் வேகத்தை உயர்த்த எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிடுங்கள். பல நேரம் அதுவே மலிவு.

## எப்படித் தொடங்குவது

பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்ற புள்ளிவிவரப் பட்டியலில் செத்த ரோ எண்ணிக்கையை காலை 8க்கும் இரவு 10க்கும் ஒரு வாரம் குறித்துவையுங்கள். ஒரு நாள் வளர்ச்சி எந்த டேபிளில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதை அந்த டேபிளின் வரம்போடு ஒப்பிட்டால் யார் இரவுப் பட்டியல், யார் பகல் பட்டியல் என்பது தானாகப் பிரியும்.

வேக்யூமுக்குக் கிடைக்கும் நினைவகமான மெயின்டனன்ஸ் வொர்க் மெம் இயல்பில் 64 எம்பி. 16ஆம் பதிப்பு வரை ஒரு செத்த ரோவுக்கு 6 பைட் என்ற கணக்கில் 1.1 கோடி ரோ வரை ஒரே சுற்றில் முடியும். அதற்கு மேல் போனால் எல்லா இன்டெக்ஸையும் மறுபடி முதலிலிருந்து படிக்கும். தினமும் ஓட்டினால் இதைத் தொடத் தேவையில்லை. முதல் இரவு மட்டும், பழைய குப்பைக்காக, 1 ஜிபி கொடுத்து ஓட்டுங்கள்.

கையால் ஓட்டும்போது அனலைஸையும் சேர்த்தே கொடுங்கள். ஏற்கெனவே ஊதிப்போன டேபிளைச் சுருக்க வேக்யூம் ஃபுல் பக்கம் போகாதீர்கள். முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. அதே வேலையைச் செய்யும் பிஜி_ரீபேக் கருவி ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் சிறிது நேரம் லாக் எடுக்கும். ஆனால் பிரைமரி கீயோ, நல் (NULL) வராத யூனிக் கீயோ வேண்டும், டேபிளும் இன்டெக்ஸும் சேர்ந்த அளவைப்போல் இருமடங்கு காலி இடமும் வேண்டும்.

ஆட்டோவேக்யூம் பதிவைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். 15லிருந்து 10 நிமிடத்துக்கு மேல் ஓடியவை மட்டும் தாமாகவே சர்வர் பதிவில் (log) வரும். அதை 0 ஆக்கினால் எல்லாமே வரும். அதில் ‘செத்துவிட்டன, ஆனால் இன்னும் அகற்ற முடியாது’ என்று லட்சக்கணக்கில் ஒரு எண் தொடர்ந்து தெரிந்தால் நேரத்தை மாற்றிப் பயனில்லை. எங்கோ ஏதோ ஒன்று பழைய ரோக்களைப் பிடித்துவைத்திருக்கிறது: யாரோ பிகின் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன விண்டோ, கைவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ஒரு ரெப்ளிகாவுக்காகப் பழையதைப் பிடித்துவைக்கும் ஏற்பாடு), அல்லது மணிக்கணக்கில் ஓடும் ரிப்போர்ட். ஐடில் இன் டிரான்சாக்ஷன் டைம்அவுட்டை 10 நிமிடத்துக்கு வைத்தால் முதல் வகை தீரும். ஸ்லாட்டை நீங்கள்தான் தேடி அழிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு அலாரம். இரவுப் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு டேபிளின் கடைசி வேக்யூம் நேரம் 36 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் செய்தி வரட்டும். கிரான் ஓடியதா என்று கேட்கும் அலாரம் வேண்டாம். கிரான் ஓடி, உள்ளே பாஸ்வேர்டு காலாவதியாகி, பிழையை யாரும் படிக்காத மெயில்பாக்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.